டிரிங்ஸ் பிரேக்கில் அம்மா டீ போட்டாள்

உலகக் கோப்பை நடக்கிற மாதத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க நேர்ந்தால், புதிதாகப் பணிக்கு வந்திருக்கும் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிரிக்கெட்டோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது. நான் ஒரு வாரம் போட்டுப் பார்த்தேன். விகித சமத்தைப் பற்றித் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருப்பேன். ஸ்கோர் எழுதிய துண்டுச்சீட்டு என் கண் முன்னாலேயே கடைசி பெஞ்சிலிருந்து முன் பெஞ்சுக்குக் கை மாறி வரும். பிடுங்கிக் கிழிப்பேன். அடுத்த ஓவருக்கு அடுத்த சீட்டு வரும்.

நான் வேலை பார்த்தது சிவகாசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அரசுப் பள்ளியில். விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஓய்வு பெற ஒரு வருடம்தான் பாக்கி; இனிமேல் எனக்கு எதற்குப் புதுமை என்றுதான் இருந்தேன். கிரிக்கெட்டும் தெரியாது. வீட்டுக்காரர் டிவி முன்னால் கத்தினால் யாரோ அவுட் என்று புரியும், அவ்வளவுதான். ஆனால் சீட்டுக் கிழித்துக் கிழித்து எனக்கே அலுத்துவிட்டது. ஒரு நாள் ஒரு சீட்டைக் கிழிக்காமல் அதிலிருந்ததைக் கரும்பலகையில் எழுதினேன். 4.3 ஓவரில் 27 ரன். ஓவருக்கு எத்தனை ரன் என்று கேட்டுவிட்டு, பொறுமையில்லாமல் நானே 27-ஐ 4.3-ஆல் வகுத்து, ஆறு புள்ளி இரண்டு எட்டு என்று போட்டேன். வகுப்பே சிரித்தது.

“டீச்சர், ஆறுதான் வரும்” என்றாள் பாண்டீஸ்வரி. அந்த வருடத்தில் அவள் தானாக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. “நாலு புள்ளி மூணுன்னா நாலு ஓவரும் மூணு பந்தும். மூணு பந்து பாதி ஓவர்லா. நாலரையால வகுக்கணும்.”

முப்பது வருடத்துக்கு மேல் தசமம் சொல்லிக்கொடுத்தவள் நான். சாக்பீஸை அவள் கையில் கொடுத்துவிட்டு அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு நடந்ததுதான் அந்த வருடத்தின் முதல் நல்ல வகுப்பு.

அதற்குப் பிறகு பாடத்தையெல்லாம் ஆட்டத்திலிருந்தே எடுத்தேன். ரன் ரேட்டில் விகிதம், பந்துவீச்சில் சராசரி, ஓவருக்கு ஓவர் ஏறுகிற கோட்டில் வரைபடம். பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்து போகவில்லை. இந்த மாதிரி நேரத்தில்தான் நமக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போகும். எனக்கும் கனத்தது. விளையாட்டு வீரர்களின் வரைபடம் போதாது, அவரவர் வீட்டில் ஒருவர் வேலை செய்வதை ஆட்டமாக வைத்து ஸ்கோர் போட்டு வாருங்கள் என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஓர் ஓவர். மொத்தம் இருபது ஓவர்.

வரைவதற்குத் தாள் நமக்குப் பஞ்சமில்லை. அச்சாபீஸ்களில் காலண்டர் ஓட்டும்போது நிறம் விலகிப்போன தாள்களைக் கட்டுக் கட்டாகப் பள்ளிக்குத் தருவார்கள். ஒரு பக்கம் சாமி படம், மறுபக்கம் வெள்ளை. முப்பத்து நான்கு பிள்ளைகளும் வெள்ளைப் பக்கத்தில் வரைந்து கொண்டுவந்தார்கள். ஒருவன் அவன் அப்பா பரோட்டா வீசுவதைப் போட்டிருந்தான். ஒருத்தி அக்கா மாவாட்டுவதைப் போட்டிருந்தாள். எல்லாவற்றிலும் அருமையாக இருந்தது பாண்டீஸ்வரியுடையது. “என் அம்மா, 20 ஓவர், 17 சரம்” என்று தலைப்பு. கோடு ஏறுகிறது, நடுவில் படுக்கிறது, மறுபடி ஏறுகிறது. படுத்த இடங்களில் சிவப்பு மையில் காரணம் எழுதியிருந்தாள். “இரண்டு ஓவர் மழை: தம்பி அழுதான்.” “ஒரு ஓவர் டிரிங்ஸ் பிரேக்: அம்மா டீ போட்டாள்.” நான் வாய்விட்டுச் சிரித்து, ஐந்து நட்சத்திரம் போட்டு, வகுப்பில் கட்டியிருந்த கயிற்றில் நடு நாயகமாகக் கிளிப் குத்தித் தொங்கவிட்டேன்.

சரம் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும். ஒற்றை ஒற்றையாக இருக்கும் வெடிகளைத் திரியோடு சேர்த்துப் பின்னினால் சரவெடி. மருந்து அடைத்த வெடி. லைசன்ஸ் உள்ள கம்பெனிக்குள் மட்டும்தான் அதைப் பின்னலாம். வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. ஆனால் தீபாவளி சீசனில் ஏஜெண்டுகள் மூட்டையைத் தெருவுக்குள் இறக்கிவிடுவார்கள், பெண்கள் வீட்டிலேயே பின்னித் தருவார்கள். அது எப்படிப்பட்ட ஆபத்து என்று அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. எனக்கும் தெரியும். இருந்தும் கோட்டின் அழகைப் பார்த்த என் கண்ணுக்கு அந்தக் கோடு எதைப் பற்றியது என்று படவில்லை. தினமும் பார்க்கிற ஒன்று கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும் என்பதை நான் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் என் வகுப்பைப் பற்றி மேலே பெருமையாகச் சொல்லிவிட்டார். தீபாவளிக்குச் சில நாள் இருக்க, இந்தியா ஆடுகிற ஒரு வியாழக்கிழமை மதியம் கல்வி அலுவலர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஆட்டம் இரண்டு மணிக்கு. போனில் வர்ணனையை வைத்துக்கொண்டு வகுப்பிலேயே நேரடியாகக் கணக்குப் போடுவது என்று ஏற்பாடு. பாண்டீஸ்வரி தலைக்கு இரட்டைச் சடை போட்டு, தன் வரைபடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அதை விளக்கிப் பேச இரண்டு நாளாகப் பயிற்சி எடுத்திருந்தாள்.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சத்துணவு சமைக்கும் பேச்சியம்மாள் ஈரக் கையோடு வகுப்பு வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். பாண்டீஸ்வரி வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவள் வீடு.

“டீச்சர், ஜீப்புல கூட வந்திருக்க சாரு ஆருன்னு தெரியுமா? போன மாசம் மேலத்தெருவுல சோதன போட்டு வெடி மூட்டையத் தூக்குனாகள்ல, அவுகதான். கலெக்டர் ஆபீசுக்குப் போற வழியில கூடவே ஏறி வந்துட்டாக.”

“வரட்டுமே. அதுக்கென்ன?”

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு உள்ளே தொங்கிய வரைபடத்தை நாடியால் காட்டினாள். “அம்புட்டும் எழுதி வச்சிருக்கு டீச்சர். பேரு, நேரம், எத்தன சரம். கோர்ட்டுல கூட இம்புட்டு வெவரமா எழுத மாட்டாக.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மேலத்தெருவில் பிடிபட்ட பெண் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவள். பாண்டீஸ்வரியின் அம்மா ராமலட்சுமிக்கு இப்போதுதான் இரண்டு வயதாகிற பையன். அப்பா லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு போனால் வாரம் கழித்துத்தான் வருவார். ராமலட்சுமியைப் பிடித்துக் கொடுக்கிற சாட்சியத்துக்கு நான் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

உடனே போய்க் கிழித்தெறியத்தான் கை போனது. பாண்டீஸ்வரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒன்றை மட்டும் கழற்றினால், உன் அம்மா செய்வது குற்றம் என்று முப்பத்து மூன்று பேர் முன்னால் அவளிடம் சொல்வதாகும். அவள் இனி எந்தக் கணக்குக்கும் வாய் திறக்க மாட்டாள். அதே சமயம் தலைமையாசிரியர் அறையிலிருந்து டீ கிளாஸ்களைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“எல்லாரும் எழுந்திரிங்க” என்றேன். “அவங்கவங்க படத்தைத் திருப்பிப் போடுங்க. இன்னைக்குப் புது ஆட்டம். பழைய ஸ்கோர் பாக்கக் கூடாது.”

முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார்கள். பாண்டீஸ்வரிதான் கடைசி. கிளிப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள், வாசலில் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தாள், பிறகு திருப்பி மாட்டினாள். அதிகாரிகள் உள்ளே வந்தபோது கயிறு முழுக்க நிறம் விலகிய முருகனும் மூக்கு இரண்டாகத் தெரியும் லட்சுமியும் வரிசையாகத் தொங்கினார்கள்.

“கணக்கு வகுப்புன்னு சொன்னீங்க, பூஜை ரூமுக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களே” என்று கல்வி அலுவலர் தலைமையாசிரியரைக் கேட்டார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் போனை ஆன் செய்தேன்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் ஓவருக்கு ஓவர் ரன் ரேட் சொன்னார்கள்; கல்வி அலுவலர் ஒரு தடவை தவறாகச் சொல்ல, அவரையும் திருத்தினார்கள். பேச்சியம்மாள் சொன்ன அந்தச் சோதனைக் குழு அதிகாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விடப் போகும்போது முன் பெஞ்சுக்காரன் ஒருவன் எழுந்து, “சார், வீட்டு ஸ்கோரும் போட்டோம் சார். பாண்டீஸ்வரிதுதான் பெஸ்டு” என்றான்.

“அப்படியா? நீ என்ன போட்டே?” என்று அந்த அதிகாரி அவளிடம் கேட்டார்.

பாண்டீஸ்வரி எழுந்து நின்றாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. “எங்கம்மா பூக் கட்டுததப் போட்டேன் சார்.”

“எத்தனை கட்டினாங்க?”

“இருபது ஓவருக்குப் பதினேழு மொளம் சார். மூணு ஓவர்ல ரன் இல்ல. ரெண்டு ஓவர் தம்பி அழுதான். ஒரு ஓவர் டிரிங்ஸ் பிரேக்கு, அம்மா டீ போட்டாக.”

“பூக் கட்டுற இடத்துலயேவா டீ போட்டாங்க?”

“ஆமா சார். அங்கனயேதான் அடுப்பு.”

வகுப்பு சிரித்தது. கல்வி அலுவலரும் சிரித்தார். அந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. பாண்டீஸ்வரியின் விரல் நுனிகளை ஒரு நிமிடம் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன், நகக்கண்ணில் வெடி மருந்தின் சாம்பல் நிறம்.

ஜீப்பில் ஏறும்போது அவர் என்னிடம் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார். “டீச்சர், மழைக்காலம். மல்லிகைக்கு இப்ப வரத்து இல்லை.” ஜீப்பின் கதவைப் பிடித்தபடி சொன்னார். “அந்த வீட்டுல அடுப்பையும் பூவையும் ஒண்ணா வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

ஜீப் போனபிறகு வகுப்புக்கு வந்து அந்த வரைபடத்தைத் திருப்பினேன். அன்றுதான் அதை உண்மையில் படித்தேன். வெடி மருந்தும் எரிகிற அடுப்பும் இரண்டு வயதுக் குழந்தையும் ஓர் அறைக்குள். சிவப்பு மையில், அழகான கையெழுத்தில், ஒரு வாரமாக என் தலைக்கு மேல் தொங்கியிருக்கிறது. ஜெயிலுக்குப் பயந்த நான் இதற்கு அல்லவா பயந்திருக்க வேண்டும்? பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பாண்டீஸ்வரி பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் பொய் சொல்லல டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடி எங்கம்மா பூதான் கட்டுச்சாம்.”

“நீ சொன்னது பொய்தான். உன்னைச் சொல்ல வச்சது நான்” என்றேன். “வா, உங்க வீட்டுக்குப் போவோம்.”

தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்டத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ராமலட்சுமி என்னைப் பார்த்ததும் எழுந்து, சேலையொன்றை எடுத்து மூலையிலிருந்த மூட்டை மேல் போட்டாள். “வாங்க டீச்சர், ஒக்காருங்க. பிள்ள எதும் தப்பு பண்ணிட்டாளா?” குரலில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை.

அடுப்பு அங்கேயே இருந்தது. நாலு எட்டுத் தூரம். அந்த நாலு எட்டுக்கும் நடுவில் பையன் ஒரு கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

ஆபத்து, சட்டம் என்று பேச ஆரம்பித்தால் வாசலைக் காட்டுவாள், அதில் நியாயமும் உண்டு. கொண்டுபோன வரைபடத்தை அவள் முன்னால் விரித்தேன்.

“இது ஆரு?”

“நீங்கதான். உங்க பொண்ணு போட்டது.”

அவள் விரலை வைத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனாள். முகம் மலர்ந்துவிட்டது. “நான் இம்புட்டு வேகமாவா பின்னுதேன்?” படுக்கைக்கோடு வந்ததும் விரல் நின்றது. “இங்கன ஏன் படுத்திருக்கு?”

“நீ டீ போட்டியேம்மா” என்றாள் பாண்டீஸ்வரி.

ராமலட்சுமி கோட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை. “இவன் வயித்துல வாரதுக்கு முன்னாடி ஏழு வருசம் கம்பெனியில இருந்தேன் டீச்சர். ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல ஒக்கார விட மாட்டாக. செல்லு வெளிய, செருப்பு வெளிய. ஒரு நா மறந்து கொலுசு போட்டுட்டுப் போனேன்னு போர்மேன் திருப்பி அனுப்பிட்டாரு.” அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். “இங்கன அடுப்ப எரியவிட்டுட்டுப் பின்னிக்கிட்டு இருக்கேன்.”

“கம்பெனிக்கே திரும்பப் போகலாமே?”

“இவன ஆருகிட்ட விட? காலைல ஏழு மணிக்கு வேன் வந்துரும்.”

அதுதான் விஷயம். மூட்டையும் இல்லை, ஏஜெண்டும் இல்லை. அந்தப் பையனை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். எங்கள் பள்ளி வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கிறது. இரண்டு வயதாகிவிட்டது என்பதற்கு ஒரு சான்றிதழ் வாங்கி எழுதிக்கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். அதை வாங்க அவளுக்கு அலைய நேரமில்லை, அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. ஊர் முனையில் காலண்டர், டைரி தைக்கும் பைண்டிங் செட் ஒன்று உண்டு, தகரக் கொட்டகைதான். செய்த அளவுக்குக் கூலி, மூன்று மணிக்குக் கிளம்பினாலும் கேட்க மாட்டார்கள். அந்த முதலாளியின் மகள் என்னிடம் படித்தவள். வெள்ளிக்கிழமை பாதி நாள் விடுப்புப் போட்டு இந்த இரண்டு வேலையையும் முடித்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சனிக்கிழமை சோதனை இருக்கும் என்று அந்த அதிகாரி ஜாடையாகச் சொன்னதை ராமலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஏஜெண்டுகள் வந்து கத்திவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனார்களாம். அந்த லோடு வேறு எந்தத் தெருவில் இறங்கியதோ எனக்குத் தெரியாது. நான் செய்தது முழுக்கச் சரி என்று உங்களிடம் சாதிக்க வரவில்லை. என் கைக்கு எட்டியது ஒரு தெரு.

சனிக்கிழமை காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வைத்த சாம்பாரில் உப்புப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. போன் அடித்தபோது பதினொன்றரை இருக்கும். பேச்சியம்மாள்.

“வந்துட்டுப் போயிட்டாக டீச்சர். ஒண்ணுமில்ல. அம்புட்டு வீட்டுலயும் வெறும் அடுப்புதான்.”

“ராமலட்சுமி வீட்டுல?”

“அங்கன அந்த ஒல்லி சாரு தண்ணி கேட்டாராம். இவ டீயே போட்டுக் குடுத்தாளாம். ஒக்காந்து குடிச்சிட்டு, பையன் கன்னத்தக் கிள்ளிட்டுப் போயிருக்காரு.”

போனை வைத்துவிட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். நிம்மதியில் வருகிற அழுகை அப்படி ஒன்றும் நாகரிகமாக இருக்காது. வீட்டுக்காரர் ஓடிவந்து யாருக்கு என்ன என்று கேட்டார். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அந்த வருடம் எங்கள் ஊர்ப்பக்கம் எந்த வெடிச் சத்தம் கேட்டாலும் முதலில் அந்தத் தெருதான் நினைவுக்கு வந்தது. தீபாவளியன்று மட்டும், பட்டாசுச் சத்தம்தானே என்று மனசு சும்மா இருந்தது.

நீங்கள் எல்லோரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். ஒலிம்பிக்ஸ், கால்பந்து, கபடி என்று எதை வேண்டுமானாலும் வகுப்புக்குள் கொண்டுவருவீர்கள். கொண்டுவாருங்கள். ஆனால் பிள்ளைகளைப் பார்த்து, உங்கள் வீட்டை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னால், அவர்கள் உண்மையாகவே எழுதிக் கொண்டுவருவார்கள். அதைப் படிக்கத் தயாராக இல்லாவிட்டால் கேட்காதீர்கள். மதிப்பெண் போடுவதற்கு முன்னால் படியுங்கள்.

இறுதி ஆட்டம் தீபாவளி கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இந்தியா தோற்றது. திங்கட்கிழமை வகுப்பே இழவு வீடு மாதிரி இருந்தது, கடைசி பெஞ்சில் இரண்டு பேர் அழுதே விட்டார்கள். பாண்டீஸ்வரி மட்டும் ஒரு தாளைச் சுருட்டிக்கொண்டு மேஜைக்கு வந்தாள். நான் வீட்டுப்பாடம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. அவளாகப் போட்டு வந்திருந்தாள். “என் அம்மா, 20 ஓவர், 31 டைரி.” கோடு பழையதைப் போல் வேகமாக ஏறவில்லை. புது வேலை, கை பழகவில்லை போலிருக்கிறது. மழை எங்கேயும் இல்லை, தம்பி அங்கன்வாடியில் இருக்கிறான். பன்னிரண்டாவது ஓவரில் மட்டும் கோடு படுத்திருந்தது.

கோட்டைப் பார்த்தது போதும் என்று, கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். “டிரிங்ஸ் பிரேக்: செட்டுக்கு வெளியே கடை டீ. அடுப்புக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஒரு ரோடு.”

“ரோடு எதுக்கு எழுதுனே?” என்று கேட்டேன்.

“நீங்க கேப்பீகல்லா டீச்சர்” என்றாள்.